மூன்று நிரல்களும் ஓர் உறையும்

இக்கதையைக் கேட்பவர் முதலில் அறிய வேண்டியவை நான்கு.

தென்காசியில், தையல் இயந்திரம் பழுதுபார்க்கும் கடை ஒன்றின் மாடியில் ஒரு சதுரங்கக் கழகம் இருந்தது. அதன் ஆண்டு இறுதியாட்டம் ஒரே அமர்வில் முடிவதில்லை. இருவரும் நாற்பது நகர்வுகள் ஆடியதும் ஆட்டம் நிறுத்தப்படும். அடுத்து ஆட வேண்டியவர் தம் நகர்வைப் பலகையில் ஆடாமல், எதிராளி காணாதவாறு ஒரு தாளில் எழுதுவார். அந்தத் தாளும், இருவரும் நகர்வுகளைக் குறித்து வந்த ஆட்டத்தாள்களும் ஓர் உறைக்குள் இடப்பட்டு, வாய் அரக்கால் அடைக்கப்படும். நான்காம் நாள் உறையைப் பிரித்து ஆட்டத்தைத் தொடர்வார்கள். இது முதலாவது.

நிறுத்தியபோது எந்தக் காய் எந்தக் கட்டத்தில் நின்றது என்பதை உறையின் மேற்புறத்தில் கட்டம் போட்டு வரைவார்கள். வரைபவர், நகர்வை எழுதியவரின் எதிராளி. இருவரும் அதன்கீழ்க் கையொப்பமிட வேண்டும். உறையைக் காப்பவர், ஆடுவோரில் எவர் வந்தாலும் அதை அவர்முன் எடுத்து வைப்பார். ஆனால் அந்த ஆட்டத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசமாட்டார். இது இரண்டாவது.

இடைப்பட்ட நாள்களில் ஆடுவோர் எவரிடமும், எந்த நூலிலும், எந்தக் கணினியிலும் உதவி பெறலாம். உறை காப்பவரிடம் மட்டும் அந்த ஆட்டத்தைப் பற்றி உதவி பெறக் கூடாது. இது மூன்றாவது.

நான்காவது, அக்கழகத்திற்கே உரியது. உறை காப்பவரும் கழகத்தின் ஆசிரியருமான கோமகள் பிறவியிலேயே பார்வையற்றவர். துளையிட்ட பலகையில், அடியில் முளையுள்ள காய்களை விரலால் தடவி ஆடுவார். ஆகவே அங்கே ஆடுபவர் தம் நகர்வையும், ஆட்டத்தை விட்டுக் கொடுப்பதானால் அதையும், வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். திருப்பிச் சொல்லப்பட்ட சொல்லை எவரும் மீட்க முடியாது. அவருக்காக ஏற்பட்ட இவ்வழக்கம் நாளடைவில் அனைவருக்கும் விதியாயிற்று.

இனி, கதை.

*

"டீச்சர், வீட்டுக் கம்ப்யூட்டர்ல போடுறதுக்கு, இருக்கிறதுலயே பலமான செஸ் புரோகிராம் எது?"

கேட்டவர் அறவாழி. தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வயது ஐம்பத்தெட்டு. ஆசிரியரைவிட இருபத்திரண்டு ஆண்டு மூத்தவர்.

திங்கட்கிழமை காலை. முந்தைய நாள்தான் இறுதியாட்டம் நிறுத்தப்பட்டிருந்தது. எதிராளி, மருந்துக்கடை வைத்திருக்கும் ஜெயசிங். நகர்வை எழுதி அடைத்தவர் அறவாழி.

கோமகள் நிமிர்ந்தார்.

"வாங்க அண்ணாச்சி. உக்காருங்க. படியேறின சத்தமே சரியில்லையே?"

"ஆட்டத்தப் பத்திப் பேச வரல, டீச்சர். விதி எனக்குத் தெரியும். புரோகிராம் எதுன்னு மட்டும் சொல்லுங்க. அதுக்குத் தடை இல்லயே?"

"தடை இல்ல. முகில்."

"என்னது?"

"முகில். அதுதான் பலமானது. நெட்ல இருக்கு. பத்து நிமிஷத்துல இறங்கிரும்."

அறவாழிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

கோமகளிடம் கேள்வி கேட்டவர்களைப் பற்றி அவர் நிறையக் கேள்விப்பட்டிருந்தார். ஒருவருக்கு விடையாக ராஜாவைப் பிடுங்கிக் கையில் கொடுத்தாராம். இன்னொருவரை ஒரு மணி நேரம் வெறும் பலகையைத் தடவச் சொன்னாராம். தமக்கும் அப்படி ஏதேனும் நேரும் என்று அறவாழி மனத்தை ஆயத்தப்படுத்திக்கொண்டு வந்திருந்தார்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"அதுக்கு எவ்வளவு கேப்பாங்க?"

"ஓசி அண்ணாச்சி."

"பலமானது ஓசியாவா?"

"அதைச் செஞ்சவங்க ஊர் ஊரா ஆயிரம் பேர் இருக்காங்க. யார் பேருல பில் போடுறது?"

அறவாழி சிரிக்கவில்லை.

அவருக்கு ஏன் சிரிப்பு வரவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். கழகத்தில் வெற்றி பெறுபவர், ஓராண்டுக் காலம் ஞாயிறுதோறும் கோமகளின் எதிரில் அமர்ந்து பாடம் கேட்பார். ஆண்டுக்கு ஒரே மாணவர். வரும் ஆண்டு முடிந்ததும் கோமகள் தங்கையோடு மைசூருக்குக் குடிபோகிறார். ஆகவே, அவருக்கு இனி ஒரே ஒரு மாணவர்தான்.

அறவாழி ஐந்து முறை இரண்டாம் இடம் பெற்றவர்.

ஞாயிறன்று பலகையின் முன் இருந்தபோது அவருக்கு ஆட்டம் தம் கையில் இருப்பதாகவே தோன்றியது. இரு ராஜாக்களும் எட்டுச் சிப்பாய்களும் மட்டுமே மிஞ்சியிருந்தன. ராஜாவை ஒரு கட்டம் நகர்த்துவதாக எழுதி அடைத்துவிட்டு, விசிலடித்துக்கொண்டே வீட்டுக்குப் போனார். போனதும் கணினியைத் திறந்து, அதோடு வந்திருந்த சிறிய சதுரங்க நிரலில் அதே நிலையை வைத்து, தாம் எழுதிய நகர்வையும் ஆடிக் காட்டினார்.

நிரல் சொல்லிற்று: வெள்ளைக்குத் தோல்வி. இருபத்தாறு நகர்வு.

வெள்ளை அவர்தான்.

சிறிய நிரல். பலமற்றது. அதற்கு என்ன தெரியும்? பலமான ஒன்று பார்த்தால் தப்பும் வழி புலப்படும். இந்த ஒரே நம்பிக்கையுடன்தான் அவர் படியேறி வந்திருந்தார்.

கோமகள் இழுப்பறையைத் திறந்தார். அரக்கிட்ட உறையை எடுத்து மேசைமேல் வைத்து, அவர்பக்கம் மெல்லத் தள்ளினார்.

அறவாழி முகத்தைத் திருப்பிக்கொண்டார். தம் தவற்றையே வெள்ளைத் தாளில் சுற்றி எதிரில் வைத்ததுபோல் இருந்தது.

செய்தது செய்ததுதான், இனி மாற்ற முடியாது என்கிறார் என்று அவர் எண்ணிக்கொண்டார். எவ்வளவு ஆழமான குறிப்பு!

எழுந்து வணங்கிவிட்டு இறங்கிப் போனார்.

*

முகில் பத்து நிமிடத்தில் இறங்கிற்று. அறவாழி நிலையை வைத்தார். ஒவ்வொரு காயாக, நினைவிலிருந்து, தயக்கமின்றி. நாற்பதாண்டுக் காலம் ஆயிரம் இணைப்பு எண்களை மனப்பாடமாக வைத்திருந்தவர் அவர்.

தம் நகர்வை ஆடினார். முகில் அரை நிமிடம்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

வெள்ளைக்குத் தோல்வி. இருபத்துநான்கு நகர்வு.

பலமான நிரல் செய்த உதவி, தோல்வியை இரண்டு நகர்வு அருகே கொண்டுவந்ததுதான்.

அவர் நாற்காலியில் சாய்ந்தார். சமையலறையிலிருந்து அவர் மனைவி புனிதவதி எட்டிப் பார்த்தார்.

"என்ன, யாரும் செத்துட்டாங்களா?"

"இன்னும் இல்ல."

*

செவ்வாய்க்கிழமை அவர் மாடிப்படியில் ஏறும்போது ஜெயசிங் இறங்கி வந்துகொண்டிருந்தார். கையில் மருந்து போட்டுக் கொடுக்கும் சிறு காகித உறை ஒன்று. அதன்மேல் ஏதோ பென்சிலால் கிறுக்கியிருந்தது.

"அண்ணாச்சி, வியாழக்கிழமை உங்களுக்கு நான் அல்வா வாங்கணும் போல இருக்கே!"

அறவாழியின் காது மடல் சூடாயிற்று.

"கேலி பண்ணுதியா ஜெயசிங்?"

"ஐயோ, கேலியா? மெய்யாத்தான் சொல்லுதேன்."

"உங்க வீட்டுல என்ன புரோகிராம் வச்சிருக்க?"

"புரோகிராமா? எங்கிட்ட கம்ப்யூட்டரே கிடையாதே அண்ணாச்சி. பலகையும் சின்னவன் உடைச்சிட்டான். சிரப்பு பாட்டில் மூடியை வச்சுத்தான் ஆடிப் பாக்கேன்."

ஜெயசிங் இறங்கிப் போய்விட்டார். பாட்டில் மூடியாம். வெற்றி உறுதியானவனுக்குத்தான் இப்படி விளையாட்டுப் பேச்சு வரும் என்று அறவாழி பல்லைக் கடித்துக்கொண்டு மாடிக்குப் போனார்.

"டீச்சர், முகில் தப்பாச் சொல்லுமா?"

"எப்பவாவது சொல்லும். மனுஷரைவிடக் குறைவா."

"அதைவிடப் பலமானது?"

"கூர்மம்னு ஒண்ணு இருக்கு. இடியேறுன்னு ஒண்ணு இருக்கு. வருஷத்துக்கு ஒருத்தர் முன்னால நிப்பாங்க. மூணுக்கும் நூலிழைதான் வித்தியாசம். ஆமா, முகிலுக்கு எத்தனை கோர் கொடுத்தீங்க?"

"எத்தனை என்ன?"

"கம்ப்யூட்டர்ல கோர் எத்தனை?"

"நாலுன்னு மருமகன் சொன்ன ஞாபகம்."

"புரோகிராம் எத்தனை எடுத்திருக்கு? செட்டிங்ஸ்ல பாத்தீங்களா?"

"ஒண்ணுன்னு போட்டிருந்துது."

"நாலு ஆளைக் கூலிக்குக் கூப்பிட்டு, மூணு பேரை வாசல்ல உக்கார வச்சிருக்கீங்க. நாலையும் கொடுங்க. மெமரி நாலு ஜிபி ஒதுக்குங்க. அது ஓடும்போது வேற எதையும் திறந்து வைக்காதீங்க. புரோகிராமை மாத்துனதுக்கு அப்புறம் பழைய கணக்கை அழிச்சிட்டு ஆரம்பிங்க."

அறவாழி திகைத்துப் போனார். கண்ணில் ஒளியில்லாத பெண்மணி, தம் வீட்டுக் கணினியின் உள்ளே என்ன நடக்கிறது என்று வரிசையாகச் சொல்கிறார்.

"இதெல்லாம் உங்களுக்கு எப்படி டீச்சர்?"

"எனக்குக் கம்ப்யூட்டர் வாசிச்சுக் காட்டும். நான் கேட்டுக்கிடுவேன். உங்களுக்கு அது தேவையில்ல, நீங்களே பாத்துக்கிடலாம்."

இழுப்பறை திறந்தது. உறை வந்தது. மேசைமேல் மெல்ல அவர்பக்கம் நகர்ந்தது.

அறவாழி இம்முறை முகத்தைத் திருப்பவில்லை. கண்ணை மூடி, இரு கைகளையும் குவித்தார்.

உள்ளே இருப்பதை வெளியே தேடாதே என்கிறார். நேற்றைவிட ஆழம்.

*

அன்று முழுவதும் கணினியின் விசிறி இரைந்தது. நான்கு கோர். நான்கு ஜிபி. மூன்று நிரல்.

கூர்மம் நெடுநேரம் யோசித்தது. அந்த நேரமெல்லாம் அறவாழி மூச்சை அடக்கி இருந்தார்.

கூர்மம்: வெள்ளைக்குத் தோல்வி.

இடியேறு யோசிக்கவே இல்லை. வெள்ளைக்குத் தோல்வி.

அவர் அத்தோடு விடவில்லை. வெள்ளையை முகிலிடமும் கறுப்பை இடியேறிடமும் ஒப்படைத்து, அந்த நிலையிலிருந்து நூறு ஆட்டம் தாமாகவே ஆடிக்கொள்ளும்படி செய்தார். இரண்டும் ஒன்றையொன்று விரட்டின. மாலைக்குள் நூறும் முடிந்தன. ஒன்றிலாவது சமநிலை இருக்கும் என்று எண்ணினார்.

வெள்ளை நூறிலும் தோற்றிருந்தது.

"நூறு!" என்றார் அவர்.

புனிதவதி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அதையே ஏன் திருப்பித் திருப்பிக் கேக்கீங்க? ஒரே கேள்வியைக் கேட்டா, ஒரே பதில்தானே சொல்லும்?"

"உனக்கு இது புரியாது."

"எனக்குப் புரியாதுதான். அது சொல்லுறது உங்களுக்குப் புரிஞ்சிட்டா, மூடி வச்சிட்டுச் சாப்பிட வாங்க."

அவர் சாப்பிட்டார். என்ன சாப்பிட்டார் என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திராது.

ஞாயிறன்று பலகையின் முன் தமக்கு உண்டான அந்த உறுதியை அவர் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்தார். ஆட்டம் கையில் இருக்கிறது என்று அன்று தோன்றியதே. அது என்ன? மூன்று நிரல்களும் ஒரு பக்கம். அறவாழியின் நெஞ்சு மறு பக்கம். எது பலமானது?

விடை அவருக்குத் தெளிவாக இருந்தது. அது வெறும் அகந்தை.

*

புதன்கிழமை.

"நாலாவது ஒண்ணு இருக்கா டீச்சர்?"

"எதுக்கு?"

"வேற மாதிரிச் சொல்லுறதுக்கு."

"வேற மாதிரிச் சொல்லுறதுக்கா, சரியாச் சொல்லுறதுக்கா?"

அறவாழி நாற்காலியில் அமர்ந்தார்.

"மூணும் ஒண்ணையே சொன்னா, நாலாவதும் அதையேதான் சொல்லும். பலமானதுங்க இடையில கருத்து வேறுபாடு கம்மி அண்ணாச்சி. நம்மள மாதிரி இல்ல."

"அப்போ என்ன செய்ய?"

அவர் குரல் உடைந்திருந்தது. கீழே ஒரு தையல் இயந்திரம் ஓடி நின்றது.

பிறகு இழுப்பறை திறந்தது.

உறை மேசைமேல் வந்தது. இம்முறை அவர் விரல் அதைப் பாதியில் விடவில்லை. மேசையின் விளிம்புவரை, அறவாழியின் மடியில் விழும் அளவுக்குத் தள்ளிற்று.

அறவாழி புறங்கையால் அதைத் திருப்பித் தள்ளினார்.

"புரிஞ்சிது டீச்சர்."

"என்ன புரிஞ்சிது?"

"எல்லாம்."

கோமகள் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவர் உறை காப்பவர். வாயை மூடிக்கொண்டார்.

*

வியாழக்கிழமை நான்கு மணிக்கு உறையைப் பிரிக்க வேண்டும். அறவாழி மூன்று மணி நாற்பது நிமிடத்திற்கே வந்துவிட்டார். இஸ்திரி போட்ட சட்டை. சட்டைப்பையில் பேனா, மூக்குக் கண்ணாடி.

கூடத்தில் கோமகள் மட்டும் இருந்தார். மேசைமேல் பலகை ஆயத்தமாக இருந்தது. காய்களை இன்னும் அடுக்கவில்லை. உறை நடுவில் இருந்தது.

"சீக்கிரம் வந்துட்டீங்களே அண்ணாச்சி?"

"எல்லாரும் கூடி நிக்கையில பிரிச்சு அவமானப்பட வேண்டாம்னு பாத்தேன்."

"உக்காருங்க."

"நின்னுக்கிட்டே சொல்லிருதேன். டீச்சர், நான் தோத்தேன்."

கோமகளின் கை பலகைமேல் நின்றது.

"அண்ணாச்சி, நீங்க சொன்னதை நான் திருப்பிச் சொல்லணும். திருப்பிச் சொன்னா அதோட முடிஞ்சிது. தெரியும்லா?"

"தெரியும். சொல்லுங்க."

"ஜெயசிங் வரட்டும். நாலு மணிக்கு இன்னும் இருபது நிமிஷம் இருக்கு."

"இருபது நிமிஷத்துல என்ன மாறிரும்? மூணு புரோகிராம் சொல்லிட்டுது. நூறு தடவை சொல்லிட்டுது. சொல்லுங்க டீச்சர்."

அவர் காத்திருந்தார். ஆட்டத்தைப் பற்றி அவரிடம் ஒரு சொல்லும் பேச இயலாத ஒருவர் எதிரில் இருந்தார்.

"'நான் தோத்தேன்'னு சொன்னீங்க," என்றார் கோமகள்.

"ஆமா."

முடிந்தது. அறவாழிக்கு முதலில் தோன்றியது ஓர் இளைப்பாறல். நான்கு நாளாக நெஞ்சில் ஓடிக்கொண்டிருந்த விசிறியை யாரோ நிறுத்தியதுபோல் இருந்தது.

"எழுத்துலயும் வேணும்," என்றார் கோமகள். "உறையில, படத்துக்குக் கீழ, உங்க கையெழுத்துக்கு அடுத்தாப்ல எழுதிருங்க."

அறவாழி மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். உறையைத் தம் பக்கம் இழுத்தார். பேனாவின் மூடியைக் கழற்றினார்.

கட்டங்கள். ஜெயசிங்கின் நுணுக்கமான கை. இரு ராஜாக்கள். எட்டுச் சிப்பாய்கள்.

பேனா தாளில் படவில்லை.

இடது ஓரத்துச் சிப்பாய். வெள்ளைச் சிப்பாய். அவருடையது.

அது ஐந்தாம் வரிசையில் நின்றது.

அவர் வீட்டில் வைத்தது நான்காம் வரிசையில்.

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். மறுபடியும் மாட்டினார். சிப்பாய் ஐந்தாம் வரிசையிலேயே நின்றது. அதன்கீழே இரண்டு கையொப்பங்கள். இரண்டாவது, அவர் கையொப்பம். மையின் நிறம்கூட அவர் பேனாவின் நிறம்.

ஒரே ஒரு கட்டம்.

அவருக்குக் கணினி தேவைப்படவில்லை. விரல் மடக்கி எண்ணினார். ஐந்தாம் வரிசையிலிருந்து எட்டாம் வரிசைக்கு மூன்று நகர்வு. கறுப்புச் சிப்பாய்க்கு நான்கு. தாம் எழுதி அடைத்த ராஜாவின் நகர்வு கறுப்பு ராஜாவின் வழியை மறிக்கிறது. அவருடைய சிப்பாய் முதலில் போய்ச் சேர்கிறது. முதலில் ராணியாகிறது.

அவர் மறுபடியும் எண்ணினார்.

அதேதான்.

அவர் மேசையைப் பிடித்துக்கொண்டார். காய்ப் பெட்டி சரிந்து, முளைக் காய்கள் தரையெங்கும் சிதறின.

"அண்ணாச்சி? என்ன ஆச்சு? நெஞ்சு வலிக்குதா?"

"சிப்பாய்."

"என்ன?"

"ஒரு கட்டம்... டீச்சர், ஒரு கட்டம் தள்ளி வச்சிட்டேன். வீட்டுல. நாலு நாளா."

கோமகளின் முகத்தில் இருந்த நிறம் மெல்ல வடிந்தது. அவருக்கும் இப்போதுதான் தெரிகிறது. அந்த முகத்தைப் பார்த்தபோதுதான் அறவாழிக்கு அது விளங்கியது. விளங்கியதை அவரால் தாங்க முடியவில்லை.

படியில் காலடி கேட்டது. ஜெயசிங் உள்ளே வந்தார். தரையில் கிடந்த காய்களைப் பார்த்தார். அறவாழியைப் பார்த்தார்.

"என்ன டீச்சர், அண்ணாச்சி ஏன் இப்படி நிக்காங்க?"

"அறவாழி அண்ணாச்சி ஆட்டத்தை விட்டுக் கொடுத்துட்டாங்க. நான் திருப்பிச் சொல்லிட்டேன்."

ஜெயசிங் வாய் பிளந்து நின்றார். அவருடைய கை தம் சட்டைப்பைக்குப் போயிற்று. அங்கிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்தார். அதை என்ன செய்வதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டார்.

"நான்தானே... அண்ணாச்சி, நான்தானே விட்டுக் கொடுக்க வந்தேன்?"

அறவாழி கோமகளின் பக்கம் திரும்பினார்.

"மூணு தடவை இந்த உறையை என் முன்னால தள்ளினீங்களே, டீச்சர். திங்கக்கிழமை, நடந்ததை மாத்த முடியாதுன்னு சொல்லுதீங்கன்னு நெனச்சேன். செவ்வாக்கிழமை, உள்ளுக்குள்ள தேடுன்னு சொல்லுதீங்கன்னு நெனச்சேன். நேத்து, எல்லாத்தையும் விட்டுரச் சொல்லுதீங்கன்னு நெனச்சேன். எதுக்குத்தான் டீச்சர் தள்ளினீங்க?"

கோமகள் சிதறிய காய்களைத் தேடித் தரையில் அமர்ந்திருந்தார். கை நின்றது.

"பாக்கத்தான், அண்ணாச்சி."

*

பின்னர் உறுதியானவை இவை.

நான்கு மணிக்கு உறை இருவர் முன்னிலையிலும் பிரிக்கப்பட்டது. உள்ளிருந்த நகர்வு: வெள்ளை ராஜா, ஒரு கட்டம். தெளிவாக எழுதப்பட்டிருந்தது. விதிப்படி செல்லும்.

ஆட்டத்தாள்களின்படி, இடது ஓரத்துச் சிப்பாய் ஐந்தாம் வரிசைக்குச் சென்றது நாற்பதாம் நகர்வில். அதை ஆடும்போது அறவாழியின் ஆட்டக் கடிகாரத்தில் ஆறு நொடி மீதமிருந்தது. அதற்கு முந்தைய நிலையை, அதாவது சிப்பாய் நான்காம் வரிசையில் நின்ற நிலையை, அவர் பதினொரு நிமிடம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அவர் வீட்டுக்குக் கொண்டுபோனது அந்த நான்காம் வரிசைச் சிப்பாயையே.

சரியான நிலையை முகிலிடம் வைத்தபோது, வெள்ளைக்கு வெற்றி என்றது. கூர்மமும் இடியேறும் அதையே சொல்லின. அந்த நான்கு நாளில் மூன்றில் எதுவும் ஒரு முறைகூடத் தவறவில்லை.

ஜெயசிங் திங்கள் மாலையும் செவ்வாய்க் காலையும் வந்து உறையைப் பார்த்திருக்கிறார். இரண்டாம் முறை, நிலையை மருந்து உறையொன்றில் பென்சிலால் வரைந்துகொண்டு போயிருக்கிறார். நான்காக மடித்த தாளில் இருந்தது, அவர் தோல்வியை ஒப்புக்கொண்ட கடிதம்.

முடிவை நீக்கி ஆட்டத்தைத் தொடர வேண்டும் என்று ஜெயசிங் கழகத்திற்கு எழுதிக் கொடுத்தார். சொல்லப்பட்டுத் திருப்பிச் சொல்லப்பட்டதை நீக்குவதற்கு விதியில் இடமில்லை. கடிதம் கோப்பில் உள்ளது. அவ்வாண்டின் வெற்றியாளர் ஜெயசிங்.

முதல் ஞாயிறன்று பாடத்திற்கு வந்த ஜெயசிங், தம் நாற்காலிக்கு அருகில் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டார். இது கூடுமா என்று கழகம் கோமகளைக் கேட்டது. மாணவர் ஒருவர்தான் என்று விதி உண்டு; நாற்காலி எத்தனை என்று விதி இல்லை என அவர் எழுத்தில் விடையளித்தார்.

அறவாழி அந்த நாற்காலியில் ஓராண்டு அமர்ந்தார். ஒரு ஞாயிறும் தவறவில்லை. காய்களைத் தொட அவருக்கு உரிமை இல்லை.